'லிங்கேஜ் டிராக்' – 'பிணைசுமை' பொருந்துமா?

(கல்முனையிலிருந்து)

வணக்கம். காட்டு நெல்லிலிருந்து ஒரு நோயெதிர்ப்புப் பரம்பரையலகை (மரபணுவை) எடுக்கும்போது, அதே நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) பக்கத்திலிருக்கும் வேண்டாதவையும் சேர்ந்து வருகின்றன: முற்றிய மணி கொட்டுதல், நீண்ட சுணை, படர்ந்த தூர். ஆங்கிலத்தில் 'லிங்கேஜ் டிராக்' எனப்படும் இதைத் தமிழில் 'இணைப்பு இழுவை' என்று எழுதினால், உழவு இயந்திரத்தில் பெட்டி கொழுவுவதுதான் மனதில் வரும். 'அயற்சுமை' எப்படி?

(கரடியனாற்றிலிருந்து)

ஐயா, 'இழுவை'யை விடச் சம்மதம். 'அயற்சுமை' காதுக்கு நல்லது, பொருள்தான் பிசகும். அயல் என்பதை அந்நியம் என்று எடுத்தால் காட்டு நெல்லின் பங்கு முழுவதும் சுமையாகிவிடும். அது சரியல்ல.

உலர் வலயக் குளக்கரைகளில் வளரும் காட்டு நெல்லான ஒரைசா நிவாராவுக்கும் பயிர்நெல்லுக்கும் 24 நிறமூர்த்தங்களே, கலப்பு இலகு. அந்தக் கலப்பினச் செடியைப் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தின் பிஜி (Bg) நெல்லினமொன்றோடு திரும்பத் திரும்பப் பிற்கலப்புச் செய்தால் (சந்ததியை மீண்டும் அதே பயிரினத்தோடு கலந்தால்) காட்டுப் பங்கு சராசரியாக 25, 12.5, 6.25 வீதம் என்று தானாகவே இறங்கும். தெரிவு செய்த பரம்பரையலகின் பக்கத்துத் துண்டு மட்டும் அந்த வேகத்தில் இறங்காது. எதிர்ப்புள்ள செடியையே ஒவ்வொரு முறையும் வைத்துக்கொள்வதால், அதனோடு பிணைந்ததையும் நாமே காப்பாற்றுகிறோம்.

அந்தத் துண்டு கழல, இடையில் குறுக்குப்பரிமாற்றம் (சோடி நிறமூர்த்தங்கள் முறிந்து துண்டுகளை மாற்றிக்கொள்வது) நடக்க வேண்டும். அடையாளக்குறி (அத்துண்டைக் காட்டித்தரும் டிஎன்ஏ இடம்) பரம்பரையலகிலிருந்து 2 சென்ரிமோகன் (பிணைப்புத் தூரத்தின் அலகு) தூரத்தில் இருந்தால் 100 செடியில் ஏறக்குறைய இரண்டில்தான் அது நடக்கும். ஒன்றாவது அகப்பட 95 வீத வாய்ப்பு வேண்டுமென்றால், எதிர்ப்புள்ள செடிகளில் மட்டும் 150 பார்க்க வேண்டும். பிற்கலப்பு விதையில் பாதிக்குத்தான் எதிர்ப்பு இருக்கும். ஆகவே 300 விதை. ஒவ்வொரு பூவிலும் உமியின் நுனியை வெட்டி, ஆறு மகரந்தக்கூடுகளையும் எடுத்துச் செய்யும் வேலை இது. இருபது முப்பது விதையோடு நிறுத்துகிற இடத்தில்தான் பெரும்பாலும் பிழையாகிறது. இரு பக்கமும் ஒரே தலைமுறையில் முறிந்த செடியைத் தேடுவதும் வீண். இம்முறை ஒரு பக்கம், அடுத்த முறை மறுபக்கம்.

ஆகவே 'பிணைசுமை'. வினைத்தொகை, பிணைந்த, பிணைகின்ற, பிணையும் எல்லாம் அதற்குள் அடங்கும். 'ஒட்டுச்சுமை' வேண்டாம், ஒட்டுமாங்கன்றோடு குழம்பும்.

(சம்மாந்துறையிலிருந்து)

'பிணைசுமை' நல்லது. 'பிணைசுமை கழித்தல்', 'பிணைசுமைத் துண்டு' என்று தடையின்றி நீள்கிறது. வரைவிலக்கணத்தில் ஒன்றைச் சேருங்கள். சிவப்பரிசி நிறமும் விதை உறங்குநிலையும் சேர்ந்தே வருவதைப் பலர் இதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள். ஏழாம் நிறமூர்த்தத்திலுள்ள ஆர்சி (Rc) என்ற ஒரே பரம்பரையலகு அந்த இரண்டையும் செய்கிறது. ஆயிரம் செடி வளர்த்தாலும் அவை பிரியா. அது பிணைசுமை அல்ல. இங்கே இதைத் தெளிவாக எழுதியே ஆக வேண்டும். கொட்டும் குணமும் உறங்குநிலையும் கழியாத ஒரு நெல்வரிசை வயல் வட்டைக்குள் போனால், அடுத்த போகத்தில் அதுவே களைநெல்லாக முளைக்கும்.