ஹைபிரிட் வண்டியோடு முதல் பழக்கம்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லிப் பழகிய மெக்கானிக் நான். பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காரான டொயோட்டா பிரியஸ் பட்டறைக்கு முதன்முதலாக வந்த அன்று பட்டனை அமுக்கினேன். ‘ரெடி’ விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. பானெட்டைத் திறந்து தேடினால் ஸ்டார்ட்டர் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, கிளட்சும் இல்லை.

எல்லாவற்றின் வேலையும் ஒரே பல்சக்கரத் தொகுதியில் அடங்கியிருந்தது. நடுச்சக்கரத்தில் ஒரு மோட்டார். அதைச் சுற்றி ஓடும் சின்னச் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில் என்ஜின். வெளி வளையத்தில் இன்னொரு மோட்டார், அங்கிருந்து டயருக்கு. நடுவில் உள்ள மோட்டாரே என்ஜினைக் கிளப்பும், மின்சாரமும் உற்பத்தி செய்யும். அதைப் பிரித்துப் பார்த்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அவ்வளவு அழகான வேலை.

பிறகு தேடிப் படித்தேன். 1900 வாக்கிலேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற பொறியாளர் என்ஜினால் மின்சாரம் எடுத்து, சக்கரத்துக்குள் வைத்த மோட்டாரால் கார் ஓட்டியிருக்கிறார். ஆனால் பெருமளவில் தயாரான முதல் ஹைபிரிட்டாக பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997 டிசம்பரில்தான். என்ஜினா மோட்டாரா என்று கணத்துக்குக் கணம் முடிவெடுக்கும் கணினியும், கனம் குறைந்த பேட்டரியும் அதற்கு வேண்டியிருந்தன. தலைமைப் பொறியாளர் தகேஷி உச்சியமாடா அதற்கு முன் வண்டிகளின் சத்தம், அதிர்வைக் குறைக்கும் வேலையில் இருந்தவர். முதல் மாதிரி வண்டி 49 நாள் நகரவே இல்லையாம். கோளாறு பிடிபடாமல் நிற்கும்போதெல்லாம் அந்த 49 நாளை நினைத்துக்கொள்கிறேன்.

—

அண்ணா, நான் ஓட்டுகிறவன். பிரேக் மிதிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி பேட்டரியை நிரப்புவதால், எனக்கு பிரேக் பேட் மாற்றும் வேலை அபூர்வம். ஆனால் ஒருநாள் பின்சீட் பக்கம் மின்விசிறி இரைச்சல், கூடவே எச்சரிக்கை விளக்கு. பயந்துபோனேன். பார்த்தால், பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துளையில் தூசியும் நாய்முடியும் அடைத்திருந்தன. ஃபில்டரைச் சுத்தம் செய்ததும் இரைச்சல் நின்றது. அந்தத் துளையை மூடி இப்போது பை எதுவும் வைப்பதில்லை.

—

நல்லதைச் சொன்னீர்கள் தம்பி. ஃபில்டரை எல்லோரும் பாருங்கள். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற வயரை மட்டும் தொடாதீர்கள். நாங்களே பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி, மின்சாரம் வடியும்வரை காத்திருந்து, மின்காப்புக் கையுறையோடு மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கைவைக்கிறோம்.