கார்ப்பெட் வீட்டில் டிவி கேபிளைச் சுவரோரமாக மறைத்துக் கொண்டுபோவது

தம்பி, வரவேற்பறையில் இருக்கும் கேபிள் இணைப்பிலிருந்து அம்மாவின் படுக்கையறைக்கு இன்னொரு கேபிள் இழுக்க வேண்டும், வாடகை வீடு என்பதால் துளை போட முடியாது, கேபிள் கண்ணில் படவும் கூடாது என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஒரு சனிக்கிழமைக் காலை போதும். கடைக்குப் போவதற்கு முன் மட்டும் இதை முழுவதும் படித்துவிடுங்கள். அவசரப்பட்டு நான் செய்த தவறு உங்களுக்கு வேண்டாம்.

வெளிநாட்டில் எங்கள் முதல் வீட்டில், கார்ப்பெட்டின் ஒரு மூலையைத் தூக்கி, குறுக்கு வழி என்று நினைத்து அறையின் நடுவாகவே கேபிளை அடியில் ஓடவிட்டேன். அன்று பார்த்தபோது ஒன்றுமே தெரியவில்லை. மூன்று மாதத்தில், நாங்கள் நடக்கும் வழியில் விரல் தடிமனுக்கு ஒரு வரப்பு எழும்பிவிட்டது. இருட்டில் நடந்தால் பாதம் அதில் தட்டும். வரப்பின் உச்சியில் மட்டும் இழைகள் தேய்ந்து, விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று ஒரு கோடு. போதாததற்கு, படமும் அடிக்கடி சதுரம் சதுரமாக உடைந்து நிற்க ஆரம்பித்தது. வீட்டைக் காலி செய்தபோது அந்தக் கோட்டுக்காக முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

படம் ஏன் உடைந்தது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். டிவி கேபிளை வெட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளை நுரை, அதன்மேல் மெல்லிய உலோகத் தாளும் வலைப்பின்னலும், எல்லாவற்றுக்கும் மேல் பிளாஸ்டிக் உறை. நடுக் கம்பிக்கும் வலைக்கும் உள்ள தூரம் கடைசி வரை ஒரே அளவில் இருந்தால்தான் கேபிள் 75 ஓம் என்ற கணக்கில் நிற்கும். மிதிபட்டு நுரை நசுங்கினால் அந்த இடத்தில் தூரம் குறைகிறது. சிக்னலில் ஒரு பங்கு அங்கேயே மோதித் திரும்பிவிடுகிறது. கேபிளைச் சட்டென்று மடக்கினாலும் இதே கதைதான். ஆகவே கால் படும் இடத்தில் கேபிள் போகவே கூடாது. எவ்வளவு சுற்றாக இருந்தாலும் சுவரோரம்தான் அதற்கு வழி.

முதல் வேலை, படுக்கையறைச் சுவரைத் தேடிப் பார்ப்பது. அலமாரிக்குப் பின்னால், கட்டிலின் தலைமாட்டுக்குக் கீழே, கேபிள் முனை ஏற்கெனவே இருக்கலாம். சில வீடுகளில் அதன்மேல் வெறும் மூடித் தகடு போட்டிருப்பார்கள். இருந்தும் வேலை செய்யவில்லையென்றால், எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் பெட்டியில் அந்த ஒன்று இணைக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருக்கக்கூடும். கட்டட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இணைத்துக் கொடுத்துவிட்டால் மேற்கொண்டு வேலையே இல்லை. அதேபோல், அம்மா பார்ப்பது எல்லாம் இணையம் வழியாக வரும் நிகழ்ச்சிகள்தான் என்றால் வைஃபை போதும். கேபிள் வேண்டியதே இல்லை.

அப்படியும் இழுக்கத்தான் வேண்டும் என்றால் அளவெடுங்கள். கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஒரு சணல் கயிற்றைச் சுவரோரமாகவே, மூலைகளில் வளைத்து, கதவு நிலையைச் சுற்றி வைத்துப் பிறகு அதை அளந்து பாருங்கள். நேர்கோட்டில் 5 மீட்டராகத் தெரிவது சுவரோரமாகப் போகும்போது 12 மீட்டர் ஆகிவிடும். இரண்டு முனையிலும் அரை மீட்டர் கூடுதலாக விடுங்கள்; டிவியை நகர்த்தித் துடைக்க வேண்டியிருக்கும்.

ஆர்ஜி6 என்று உறையில் அச்சிட்ட கேபிளாகவே வாங்குங்கள். ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் தடிமன். நீளத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்: 1000 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்கூட 100 மீட்டருக்குச் சுமார் 20 டெசிபல்தான் (சிக்னல் குறைவதை அளக்கும் அலகு) இழப்பு, உங்கள் 12 மீட்டருக்கு இரண்டரை டெசிபல் வரும். ஒரே இணைப்பை இரண்டு டிவிக்கும் பிரித்துக் கொடுக்க வரவேற்பறையில் ஸ்பிளிட்டர் என்ற சிறு கருவி வேண்டும்; அது அதைவிட அதிகம் தின்னும். இரண்டு வழி ஸ்பிளிட்டர் சிக்னலைப் பாதிப் பாதியாகப் பிரிப்பதால் ஒவ்வொரு வழியிலும் சுமார் 3.5 டெசிபல் குறையும். பின்னால் உதவும் என்று நான்கு வழி வாங்கிவிடாதீர்கள், இரண்டே போதும். முனை எந்த வகை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சில நாடுகளில் திருகிப் பூட்டும் எஃப் வகை, சில நாடுகளில் தள்ளிச் செருகும் வகை. நிறம் சுவரடிப் பட்டையின் நிறமாக இருக்கட்டும். வெள்ளைப் பட்டைக்குக் கறுப்புக் கேபிள் வைத்தால் எப்படி மறைத்தாலும் தெரியும்.

வாங்கி வந்ததும் முதலில் கேபிளைத் தரையில் அப்படியே போட்டு, இரண்டு முனையையும் இணைத்து, ஒரு மாலை முழுக்கப் படம் பாருங்கள். செருகி முடித்த பிறகு கேபிளே பழுது என்று தெரியவந்தால் மனம் நொந்துபோகும்.

இனி செருகும் வேலை. அறை முழுக்க விரித்து இழுத்துக் கட்டிய கார்ப்பெட்டின் ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். சுவரை ஒட்டி ஓடும் பலகைப் பட்டைக்கும் கார்ப்பெட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அதற்குச் சற்று உள்ளே, கார்ப்பெட்டுக்கு அடியில், ஓர் அங்குல அகல மரச் சட்டம் ஓடும். அதில் கூரான சிறு ஆணிகள் சுவரை நோக்கிச் சாய்ந்து நிற்கும். கார்ப்பெட்டை இழுத்துப் பிடித்திருப்பவை அந்த ஆணிகள்தான். கேபிளின் இடம் அந்தச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து. சட்டத்தின் மேல் கேபிள் ஏறிவிட்டால் ஆணி உறையைத் துளைத்து வலையை நடுக் கம்பியோடு சேர்த்துவிடும். அதோடு படம் போய்விடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்த ஆணிகள் விரலைப் பதம் பார்க்கும்.

கார்ப்பெட்டைத் தூக்க வேண்டாம். மொட்டையான, தட்டையான ஒரு கருவி போதும். நான் பழைய மரக்கரண்டியின் காம்பைப் பயன்படுத்துகிறேன். ஒரு கையால் கார்ப்பெட் ஓரத்தைச் சுவரிலிருந்து சற்றே விலக்கி, மறு கையால் கேபிளை ஒரு சாண் ஒரு சாணாக உள்ளே அமுக்கிக்கொண்டே போங்கள். சரியாக உட்கார்ந்தால் இழைகள் தாமாகவே மேலே மூடிக்கொள்ளும். ஸ்க்ரூடிரைவரை மட்டும் தொடாதீர்கள். வளையம் வளையமாக நெய்த கார்ப்பெட்டில் ஒரு வளையம் மாட்டி இழுபட்டால், ஸ்வெட்டரில் நூல் உருவுவதுபோல வரிசையாக வந்துகொண்டே இருக்கும். சந்து குறுகலாக இருந்து கேபிள் இறங்க மறுத்தால் வலிந்து திணிக்காதீர்கள். அந்த இடத்தில் பள்ளத்தின் மேலேயே, பட்டையை ஒட்டி, கிடக்கட்டும். ஆனால் அப்படி விட்ட இடங்களில் வாக்குவம் கிளீனரின் சுழலும் பிரஷ் கேபிளைக் கவ்விவிடும் என்பதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். மூலைகளில் செங்கோணமாக மடக்காமல், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வளைவு விடுங்கள்.

கதவு இருக்கும் இடம்தான் பலரையும் தடுமாற வைக்கிறது. கேபிள் அந்தக் கதவு வழியாக அடுத்த அறைக்குள் நுழைய வேண்டுமானால், கீல் இருக்கும் பக்கத்து நிலையை ஒட்டியே கொண்டுபோங்கள். அங்கே யாரும் கால் வைக்க மாட்டார்கள். பிறகு கதவைப் பத்துத் தடவை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள், கேபிளை எங்கும் நசுக்காமல் இருக்க வேண்டும். வழியில் குறுக்கிடும் கதவு என்றால் அதன் குறுக்கே தரையில் போகவே வேண்டாம். நிலையின் ஒரு பக்கம் ஏறி, மேலே கடந்து, மறுபக்கம் இறங்கட்டும். ஐந்து மீட்டர் கூடும், பரவாயில்லை. இதற்கு ஒட்டும் கிளிப்புகள் இருக்கின்றன. கழற்றும்போது பெயிண்ட் உரியாமல் வரும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒட்டும் முன் சுவரைத் துடைத்துக் காயவிடுவது முக்கியம். ஸ்டேப்ளர் துப்பாக்கி, சூடான பசை இரண்டும் வேண்டாம்.

குளிர் நாடுகளில் சுவரின் அடியோரமாகவே ஹீட்டர் ஓடும். அந்தப் பக்கம் கேபிளைக் கொண்டுபோகாதீர்கள், எதிர்ச் சுவர் வழியாகச் சுற்றுங்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டிவி கேபிளைப் பற்றி மேலே சொன்னதை மின்சார வயருக்குப் பொருத்திவிடாதீர்கள். கேபிளோடு சேர்த்து எக்ஸ்டென்ஷன் வயரையும் அதே சந்தில் செருகிவிடலாம் என்று தோன்றும். மின்சாரம் ஓடும் வயர் சூடாகும். கார்ப்பெட் அந்தச் சூட்டை வெளியே விடாது. உறை தேய்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தீப்பிடிக்க அது போதும். அம்மா தூங்கும் அறை அது. டிவிக்கான மின்சாரம் அந்த அறையின் பிளக்கிலிருந்தே வரட்டும்.

பிறகு கேட்டவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வட்டத் தட்டு ஆண்டெனா வைத்திருக்கும் சகோதரிக்கு: சாதாரண ஸ்பிளிட்டர் உங்களுக்கு உதவாது. ரிசீவர், அதாவது உங்கள் செட்-டாப் பாக்ஸ், கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் தட்டின் முனையில் இருக்கும் கருவிக்குக் கட்டளை இடுகிறது. இரண்டு ரிசீவர்கள் ஒரே கேபிளில் வேறுவேறு கட்டளை இட்டால் ஒன்றில் படம் வராது. இரண்டாவது அறைக்குத் தட்டிலிருந்தே தனிக் கேபிள் வர வேண்டும். செட்-டாப் பாக்ஸையும் டிவியையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிளை இதே முறையில் இழுக்கலாமா என்றவருக்கு: 10 மீட்டருக்கு மேல் சாதாரண எச்டிஎம்ஐ தடுமாறும், அதன் பெரிய முனை சந்துகளில் நுழையவும் நுழையாது. செட்-டாப் பாக்ஸை டிவி இருக்கும் அறையிலேயே வைத்துவிட்டு இந்தக் கேபிளையே இழுங்கள்.

தொடங்குவதற்கு முன் சுவரோரம் முழுவதையும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் ஒரு முனையிலிருந்து கேபிளை மேல்நோக்கி மெதுவாக உருவுங்கள், வேகமாக இழுத்தால் ஓரம் ஆணியிலிருந்து கழன்றுவிடும். பிறகு அதே மரக்கரண்டிக் காம்பால் ஓரத்தைத் திரும்பவும் சந்துக்குள் அமுக்கி, இழைகளை விரலால் கோதிவிடுங்கள்.