மகரகமையில் ஓர் அம்மா திருநீறு கேட்டார்

கொட்டாஞ்சேனை உறுப்பினர் எழுதியது:

பிறருக்குப் பணி செய்யவும் ஆசியாக இருக்கவும் அழைக்கப்பட்டிருக்கிறோம் என்பதை எங்கே உணர்ந்தீர்கள் என்று நம் குழுவில் கேட்டிருந்தீர்கள். நான் உணர்ந்தது கொழும்பை அடுத்த மகரகமை புற்றுநோய் வைத்தியசாலையில். எங்கள் கத்தோலிக்க ஆலயப் பங்கின், ஏழைகளுக்கு உதவும் பொதுநிலையினர் அமைப்பான வின்சென்ட் டி போல் சபையினர் இருவர் இருவராக அங்கே நோயாளரைப் பார்க்கப் போவதுண்டு. 1833இல் பிரெடெரிக் ஓசானமும் அவருடைய மாணவ நண்பர்களும் பாரிஸில் தொடங்கிய காலத்திலிருந்தே, ஏழைகளை அவர்கள் இருக்கும் இடத்திற்கே சென்று சந்திப்பதுதான் இச்சபையின் முதல் வேலை. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் எனத் தொலைவிலிருந்து சிகிச்சைக்கு வரும் தமிழர் பலருக்குச் சிங்களம் தெரியாது. ஆகவே அவர்கள் எங்களிடம் பெரும்பாலும் எதிர்பார்ப்பது பணமன்று. வைத்தியர் சொன்னதைத் தமிழில் விளக்குவதும், அடுத்த கிளினிக் நாளைக் குறித்துக் கொடுப்பதும், மருந்துத் துண்டுடன் வரிசையில் நிற்பதுமே.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர், வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவர், உதவிக்கு நிற்க ஆளின்றித் தனியே சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். உங்களுக்காகச் செபிக்கலாமா என்று கேட்டேன். "கும்பிடு புள்ள. அடுத்த தடவை வரும்போது எனக்குக் கொஞ்சம் துன்னூறு கொண்டாந்து தருவியா?" என்றார். என்னுடன் வந்த சபை உறுப்பினரான சகோதரி தயங்கினார். அவருடைய தயக்கத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை, ஏனெனில் அது விசுவாசத்தின்மீது கொண்ட அக்கறையால் வந்தது. ஆயினும் எனக்கு ஐயம் எழவில்லை. எங்கள் தெருவிலுள்ள சைவ அக்காவிடம் சொன்னேன். அவர் கப்பித்தாவத்தைக் கோயிலிலிருந்து வாங்கித் தந்ததை மடித்து எடுத்துப்போய்க் கொடுத்தேன். அந்த அம்மா அதைப் பூசிக்கொண்டு, என் தலையில் கைவைத்து, "நீ நல்லா இருக்கணும்" என்றார்.

பேதுரு தம் முதல் திருமுகத்தின் 3ஆம் அதிகாரத்தில், தீமை செய்வோருக்கும் ஆசி கூறுங்கள், அதற்காகவே அழைக்கப்பட்டிருக்கிறீர்கள் என்கிறார். பகைவருக்கே ஆசி கூற வேண்டுமென்றால், நோயில் வாடும் ஒரு தாய் தன் வழியில் தேடும் ஆறுதலை நான் எப்படி மறுப்பேன்? 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, அஞ்சியவர்கள் நகரைவிட்டு ஓடியபோது, கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த குருவான புனித யோசேப் வாஸ் அங்கேயே தங்கி, கைவிடப்பட்டோரை மதம் பாராமல் பராமரித்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது கூட்டத்தில் நின்ற நான், அவரைப் பெரிய மறைபரப்பாளராக மட்டுமே நினைத்திருந்தேன். நோயாளரின் படுக்கையருகே நிற்கத் தொடங்கிய பின்னரே, அவரை ஒரு பராமரிப்பாளராக அறிந்தேன்.

வெள்ளவத்தை உறுப்பினர் எழுதியது:

நான் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவன். உங்கள் இடத்தில் இருந்திருந்தால் திருநீற்றை வாங்கிக் கொடுத்திருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் செபிப்பதற்கு முன் அனுமதி கேட்டீர்களே, அதை முழுமனத்துடன் ஏற்கிறேன். கட்டிலில் படுத்திருப்பவரால் எழுந்து போக முடியாது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

என் அனுபவம் பெற்றுக்கொள்வதைப் பற்றியது. 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் மற்ற இடங்களிலும் குண்டுகள் வெடித்தபின் இரத்தம் கொடுக்கச் சென்றேன். எனக்கு முன்னே ஒரு பௌத்த துறவியும், பின்னே ஒரு முஸ்லிம் இளைஞரும் நின்றார்கள். நான் கிறிஸ்தவன் என்று அறிந்ததும், அந்த இளைஞர் தம் தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டி, "முதலில் நீங்கள் குடியுங்கள் அண்ணா" என்றார். கொடுப்பவனாகவே என்னை எண்ணிப் பழகியிருந்ததால், வாங்குவதற்குக் கை கூசியது. இயேசு பாதம் கழுவ வந்தபோது பேதுரு மறுத்ததும், கழுவாவிட்டால் உனக்கு என்னோடு பங்கில்லை என்று அவர் சொன்னதும் யோவான் 13ஆம் அதிகாரத்தில் உண்டு. பணி செய்ய அழைக்கப்பட்டவர்கள் பிறருடைய பணியை ஏற்கவும் பழக வேண்டும் என்று அந்தப் பகுதியை அன்றிலிருந்து வாசித்து வருகிறேன். அந்த அம்மா தலையில் கைவைத்தபோது நீங்கள் குனிந்து கொடுத்தீர்களே, அதுவும் அழைப்பின் ஒரு பகுதிதான் என்பது என் எண்ணம்.

மகரகமைக்குப் போக மேலும் ஆட்கள் தேவைப்பட்டால் தெரிவியுங்கள். எனக்குச் சிங்களம் நன்றாகப் பேசவும் வாசிக்கவும் தெரியும்.