பொய் சொல்லாத பாலடின், பிடிபட்ட தாய்: யார் பக்கம் நியாயம்?

கதைசொல்லி (டர்பன்)

போன சனிக்கிழமை எங்கள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம்) வாக்குவாதத்தில் நின்றுபோனது. வாட்ஸ்அப்பில் பேசியும் தீரவில்லை. அதனால் எல்லோர் முன்னாலும் வைக்கிறேன்.

கதைக்களம் நானே உருவாக்கியது. கரும்புத் தோட்டங்கள் நிறைந்த ஒரு தீவு. ஒப்பந்தக் கூலிகள் முதலாளியின் சீட்டு இல்லாமல் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நம் முன்னோர்கள் அப்படித்தான் இருந்தார்கள், நான் அதிகம் கற்பனை செய்யவில்லை. ஒரு தாய் இரண்டு பிள்ளைகளோடு தப்பி வந்து கோயில் மடப்பள்ளியில் ஒளிந்திருக்கிறாள். வாசலில் நிற்பவன் எங்கள் பாலடின். ஆடிப் பழக்கமில்லாதவர்களுக்கு: பாலடின் என்பவன் புனித வீரன். அவன் எடுத்த சபதம்தான் அவனுக்குச் சக்தி தருகிறது. இவன் பொய்யே சொல்ல மாட்டான் என்பது தீவு முழுக்கத் தெரியும்.

காவல் தலைவன் வந்து கேட்டான்: "உள்ளே யாராவது ஒளிந்திருக்கிறார்களா?" பாலடினாக ஆடும் தம்பி சொன்ன பதில்: "நான் பதில் சொல்ல மாட்டேன். உள்ளே விடவும் மாட்டேன்."

யாரும் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுகிற ஆள் அவன். அவன் வாயை மூடினாலே ஆம் என்றுதான் அர்த்தம். அதனால் வீரர்களில் பாதிப் பேர் வாசலில் அவனை மறித்துக்கொள்ள, மீதிப் பேர் பின்பக்கம் ஓடினார்கள் என்று தீர்ப்புச் சொன்னேன். எங்கள் குழுவில் திருடி பாத்திரமாக இருப்பவள் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டாள். தாய் பிடிபட்டாள்.

அவன் பொய் சொல்லியிருக்க வேண்டுமா? சொல்லியிருந்தால், டிஎம் (ஆட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்பவர்) என்ற முறையில் அவன் சக்தியை நான் பறித்திருக்க வேண்டுமா?

கள்ளச்சாவி

அந்தத் திருடியாக ஆடுபவள் நான்தான். அன்றைக்கு மேசையில் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். "யாரும் இல்லை" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பெண் இன்றைக்கு அந்தப் பிள்ளைகளோடு இருந்திருப்பாள். அவன் காப்பாற்றியது தன் நல்ல பெயரை. அதற்கான விலையை அவள் கொடுத்தாள். தன் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக இன்னொருவரைச் சாட்டைக்கு அனுப்புவதை நான் தர்மம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வள்ளுவர் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார்: "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்." துரத்துகிறவனிடமிருந்து ஒரு தாயைக் காப்பாற்றுவதைவிடப் பெரிய நன்மை என்ன இருக்கிறது?

வெள்ளிவாள்

பாலடின் என்னுடையவன். அக்கா கோபப்படுவது புரிகிறது. ஆனால் நான் பெயருக்காக அப்படிச் செய்யவில்லை.

முந்தைய ஆட்டங்களை நினைத்துப் பாருங்கள். ஆற்றங்கரைக் கிராமத்தார்மேல் தீவைப்புக் குற்றம் சாட்டினார்கள். "இவர்கள் செய்யவில்லை, நான் பார்த்தேன்" என்று நான் சொன்ன ஒரே வார்த்தைக்காக அத்தனை பேரையும் விட்டார்கள். அந்த வார்த்தைக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை என்பதிலிருந்துதான். இன்றைக்கு மடப்பள்ளியில் ஒரு பொய் சொல்லி அது நாளைக்கு வெளியே வந்தால், அடுத்து பிடிபடும் கிராமத்துக்கு நான் சாட்சி சொல்ல முடியாது.

குறள் குற்றமற்ற நன்மையைத்தான் கேட்கிறது. காவல் தலைவன் என் பொய்யை நம்பியிருந்தால் வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பானா? பக்கத்துக் குடியிருப்புக்குப் போய் ஒவ்வொரு கதவாக உடைத்திருப்பான்.

பகடைராஜா (பீனிக்ஸ்)

விதிகள் பற்றி நானும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டாவது கேள்விக்கு எல்லாப் பதிப்பும் ஒரே பதில் சொல்லவில்லை.

பாலடின் முதலில் வந்தது 1975-இல், கிரேஹாக் துணைநூலில். பாத்திரத்தின் கவர்ச்சி மதிப்பெண் 17-க்குக் குறைந்தால் பாலடின் ஆகவே முடியாது. ஒழுங்கு மீறிய ஒரு செயல் போதும், பாலடின் பட்டம் போய்விடும், திரும்பக் கிடைக்காது. 1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் சிறிய மீறலுக்குப் பாவமன்னிப்பும் பரிகாரமும் உண்டு. தெரிந்தே தீமை செய்தால் மட்டும் வழியே இல்லை. 2008-இன் நான்காம் பதிப்பில் சக்தி பறிபோகிற பேச்சே இல்லை. 2014-இன் ஐந்தாம் பதிப்பில் நல்லொழுக்க அலைன்மென்ட் (பாத்திரம் நிற்கும் அறப்பக்கம்) கட்டாயமில்லை, சபதம்தான் எல்லாம்.

தம்பி எடுத்திருப்பது அர்ப்பணிப்புச் சபதம். அதில் ஐந்து கடமைகள்: நேர்மை, துணிவு, கருணை, கண்ணியம், பொறுப்பு. பொய் சொல்லாதே என்பது முதலாவது. பலவீனரைக் காப்பாற்று என்பது மூன்றாவது. எது பெரியது என்று புத்தகம் சொல்லவில்லை. பொறுப்பு என்பதன் கீழ் யாருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றும் இருக்கிறது: நியாயமான அதிகாரம் உள்ளவர்களுக்கு. அந்தக் காவல் தலைவன் அப்படிப்பட்டவன் இல்லை.

ஆகவே என் கோபம் டிஎம் மீதுதான். எந்தப் பக்கம் போனாலும் ஒரு கடமை உடையும்படி காட்சி வைத்துவிட்டு, உடைந்ததும் சக்தியைப் பறிக்கவா என்று கேட்பது ஆட்டக்காரரைப் பொறியில் மாட்டுவது. 1970-களிலிருந்து பாலடின் ஆடியவர்கள் எல்லோரும் இதே புகாரைத்தான் சொல்கிறார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே உட்கார்ந்து, இந்தச் சபதம் எங்கள் மேசையில் எப்படி வேலை செய்யும் என்று பேசிவைத்திருக்க வேண்டும்.

கதைசொல்லி (டர்பன்)

பேசிவைத்தோம் அண்ணா. சோதனை வேண்டும் என்று தம்பியேதான் கேட்டார். எப்போதும் எலும்புக்கூட்டை வெட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பாலடின் எதற்கு, வாள் மட்டும் போதுமே? எந்தப் பக்கமும் வலிக்காத கேள்வியை வைத்தால் சபதத்துக்கும் சட்டைப்பையில் கிடக்கும் காகிதத்துக்கும் வித்தியாசம் இருக்காது.

மாரிட்ஸ்பர்க் மாமா

எனக்கு இந்த ஆட்டம் என் மகன் வழியாகத்தான் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆனால் நீங்கள் பேசுவது நம் ஊரில் நடந்த விஷயம்.

1895-இல் நேட்டால் அரசு சட்டம் போட்டது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள், மறுபடி ஒப்பந்தத்தில் சேராதவர்கள், ஆண்டுக்கு ஆளுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். முறைப்படி மன்றத்தில் நிறைவேறிய சட்டம்தான் அது. 1914 வரைக்கும் இருந்தது. அதை மதிப்பவன்தான் ஒழுங்கானவன் என்று யாராவது சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதற்காக அவர்கள் ஒளிந்து மீறினார்களா என்றால், அதுவும் இல்லை. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோஹன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி முன்னால் இந்தியர்கள் தங்கள் பதிவுச் சான்றிதழ்களைக் கொளுத்தியது பட்டப்பகலில், முன்கூட்டியே அரசுக்குத் தெரிவித்துவிட்டு.

1913 செப்டம்பரில் காந்தியின் பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து 16 பேர், அனுமதியில்லாமல் கடந்து சிறை போவதற்காக, டிரான்ஸ்வால் எல்லைக்குப் போனார்கள், கஸ்தூரிபாயும் அதில் உண்டு. போலீஸ் கேட்டால் பெயர் சொல்லக் கூடாது என்பது ஏற்பாடு. பொய்ப் பெயர் கொடுக்கவில்லை, சொல்ல மறுத்தார்கள். மறைக்காமல் நின்று மறுப்பதற்கும் பொய் சொல்வதற்கும் உள்ள தூரம் அதுதான். உங்கள் பாலடின் வாசலில் நின்றதும் அந்த இடத்தில்தான். அவன் செய்தது சரி என்பேன்.

கள்ளச்சாவி

மாமா, நீங்கள் சொன்ன ஒவ்வொருவரையும் நான் கும்பிடுகிறேன். ஆனால் அவர்கள் யாருடைய உடம்பைப் பணயம் வைத்தார்கள்? தங்கள் உடம்பை. தில்லையாடி வள்ளியம்மை உங்கள் ஊர்ச் சிறையில் காய்ச்சலோடு கிடந்து, வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தபோது 16 வயது. அது அவள் எடுத்த முடிவு. மடப்பள்ளியில் இருந்தவளை யாராவது கேட்டார்களா, "அம்மா, என் வாய்மைக்காக நீ சிறைக்குப் போகிறாயா?" என்று?

தனக்கு வரும் துன்பத்துக்கு அஞ்சிப் பொய் சொல்லாதவன் பெரியவன், இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இன்னொருத்திக்கு வரும் துன்பத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்ல மறுப்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

வெள்ளிவாள்

பார்த்துக்கொண்டு நிற்கவில்லை அக்கா. உள்ளே விட மாட்டேன் என்று வாளை உருவினேன். இருபது முகப் பகடையில் 4 விழுந்தது. 14 விழுந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது, நீங்களே என்னைப் பாராட்டியிருப்பீர்கள். தோற்றதை வைத்து நோக்கத்தை எடை போடாதீர்கள்.

கள்ளச்சாவி

இருபது வீரர்களை ஒற்றை வாளால் தடுக்க முடியாது என்று உனக்கு முன்பே தெரியும்.

லெனேசியா வாசகி

நீங்கள் இரண்டு பேரும் ஒரு வழியை விட்டுவிட்டீர்கள். பொய் சொல்லட்டும், சபதம் உடையட்டும், சக்தி போகட்டும். அதை ஏற்றுக்கொண்டே சொல்லட்டும்.

இதுவரை எல்லோரும் சக்தி பறிபோவதை டிஎம் தரும் தண்டனையாகவே பார்க்கிறார்கள். நான் அதைப் பாலடின் செலுத்தும் விலையாகப் பார்க்கிறேன். "நான் பொய் சொன்னேன், அது தவறு என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அவளுக்காகச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு ஒளியில்லாத வாளோடு நிற்கிறவன் எனக்குப் பெரிய பாலடின். கள்ளச்சாவி கேட்கிற "தன் உடம்பைப் பணயம் வைப்பது" இதில்தான் இருக்கிறது. அவனிடம் இருப்பதிலேயே விலை உயர்ந்தது உயிர் இல்லை, சபதம். ஐந்தாம் பதிப்பின் புத்தகத்தில் பரிகாரமும் உண்டு: இரவு முழுக்கப் பிரார்த்தனை, நோன்பு, தன் வழியைச் சேர்ந்த குருவிடம் அறிக்கை, பிறகு மன்னிப்பு. அடுத்த மூன்று நான்கு செஷன் அந்தக் கதையே ஓடியிருக்கும்.

ஆகவே டிஎம்முக்கு என் பதில்: ஆம், பறித்திருக்க வேண்டும். பறிக்கவில்லையென்றால் அவன் கொடுத்ததற்கு மதிப்பில்லை.

பகடைராஜா (பீனிக்ஸ்)

ஒத்துக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. பரிகாரத்தைக் காசாக்கிவிடக் கூடாது. 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கம்ப்யூட்டர் ஆட்டத்தில் சபதம் உடைந்தால் முகாமுக்கு ஒரு கருங்கவச வீரன் வருவான். 1,000 பொற்காசு கொடுத்தால் சபதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அத்தனை நல்ல ஆட்டத்தில் அந்த ஒரு இடம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் உடைத்தாய் என்பதற்கு அங்கே எடையே இல்லை.

இதைவிட 1985-இன் அல்டிமா 4 கம்ப்யூட்டர் ஆட்டம் மேல். அதில் மூலிகை விற்கும் பெண்ணுக்குக் கண் தெரியாது, நீங்கள் எண்ணிப் போடுவதுதான் காசு. குறைத்துப் போட்டால் உங்கள் நேர்மை குறையும். உடனே ஒன்றும் சொல்லாது, பின்னால்தான் தெரியும். ஆனால் அங்கேயும் ஒரு குறை: நீங்கள் ஏன் குறைத்தீர்கள் என்று இயந்திரம் கேட்காது. மேசைக்கு எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பதன் பயனே அந்தக் கேள்விதான்.

வெள்ளிவாள்

லெனேசியா அக்கா சொன்னது என்னை யோசிக்க வைக்கிறது, ஆனால் ஒரு பயம் இருக்கிறது. தர்மபுத்திரர் அஸ்வத்தாமன் விஷயத்தில் ஒரு வாக்கியம் சொன்னார், நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிய தேர் தரையில் இறங்கியது. விலை கொடுத்துவிட்டார் என்கிறோம். துரோணருக்கு அதனால் என்ன? விலை கொடுக்கத் தயார் என்றால் எதையும் செய்யலாம் என்று ஆகிவிடாதா? இன்றைக்குப் பொய், பரிகாரம். அடுத்த மாதம் கைதியைச் சித்திரவதை செய்து உண்மை வாங்குவேன், அதற்கும் பரிகாரம்.

லெனேசியா வாசகி

துரோணர் அந்தப் பொய்யால் ஆயுதத்தைக் கீழே போட்டார், செத்தார். தாயைக் காப்பாற்றும் பொய்யால் யார் சாகிறார்? கைதிக்கு வலிக்கும். காவல் தலைவனுக்கு ஒரு பிற்பகல் வீணாகும். இரண்டையும் ஒரே படிக்கட்டில் வைக்காதே தம்பி.

மாரிட்ஸ்பர்க் மாமா

பக்கத்துக் குடியிருப்பில் கதவை உடைப்பான் என்று தம்பி சொன்னாரே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கள்ளச்சாவி

சொல்கிறேன் மாமா. அந்தக் கதவை உடைப்பவன் அவன். அந்தப் பாவம் அவனுடையது. அதோடு, நாங்கள் முன்னாலேயே ஓடிப்போய் எச்சரித்திருக்க நேரம் கிடைத்திருக்கும். தாய் பிடிபட்ட பிறகு எதற்கும் நேரம் இல்லை.

கதைசொல்லி (டர்பன்)

சரி, என் தீர்ப்பு. பாலடினின் சக்தி அப்படியே இருக்கிறது, அவன் சபதம் உடையவில்லை. ஆனால் நேர்மையைக் காப்பாற்றியபோது கருணை தோற்றது, அந்தக் கடன் அவன் தலையில் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், மூத்தவளுக்கு விவரம் தெரியும் வயது. அம்மாவைப் பற்றி அவள் அவனிடம் கேட்பாள். தாய் இப்போது கோட்டைச் சிறையில். விசாரணை மூன்று நாளில்.

வெள்ளிவாள்

நான் வாளை வெளியே வைத்துவிட்டுக் கோட்டைக்குள் போகிறேன். "அவளை விடுங்கள், என்னை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்கப் போகிறேன். இந்தத் தடவை பணயம் என் உடம்பு.

கள்ளச்சாவி

அதே நேரம் நான் பின்சுவர் வழியாக வருகிறேன். என்றைக்கு, எந்தப் பக்கம் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். தெரியாததை நீ மறைக்க முடியாது.

வெள்ளிவாள்

அதுவும் சிக்கல்தான் அக்கா. நீங்கள் வருவீர்கள் என்று எனக்கு இப்போதே தெரியும். கேட்டால் "தெரியாது" என்று சொல்ல முடியாது.

பகடைராஜா (பீனிக்ஸ்)

"விவரம் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லலாம். அது பொய் இல்லை.

லெனேசியா வாசகி

ஏமாற்றாதே என்பதும் அதே சபதத்தில்தான் இருக்கிறது. வேண்டுமென்றே தெரியாமல் வைத்துக்கொண்டு உள்ளே போவது எந்தக் கணக்கில் வரும் என்பதை டிஎம் இப்போதே சொல்லிவிடட்டும், கோட்டை வாசலில் வைத்துச் சொல்லக் கூடாது.

கதைசொல்லி (டர்பன்)

நியாயமான கோரிக்கை. சனிக்கிழமை பகடையை எடுப்பதற்கு முன் அதைத்தான் பேசுவோம். கள்ளச்சாவி, உன் திட்டத்தைத் தனியாக எனக்கு அனுப்பு. மாமா, சாட்ஸ்வொர்த் பக்கம் வருவதானால் நீங்களும் வந்து உட்காருங்கள்.