தாத்தா வீடு, ஜெலுத்தோங், பினாங்கு (குடும்பக் குழு)

சுரேஷ்: பெரியப்பா, தாத்தாவின் மோரிஸ் மைனர் கார் டேஷ்போர்டு அடியில் ஒரு சிவப்பு ஒயர் தொங்குகிறது. எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

கவிதா அக்கா: ஞாயிறு கல்யாணப் பொண்ணு அதில்தான் தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போகணும். இப்போது போய் ஏன் நோண்டுகிறாய்?

சுரேஷ்: போன் சார்ஜர் மாட்டலாம் என்று குனிந்தேன். ஹாரனும் அடிக்கவில்லை.

பெரியப்பா: எதையும் தொடாதே. பேட்டரியில் எந்த முனை பாடியோடு போல்ட் போட்டிருக்கிறதோ அதை முதலில் கழற்று.

சுரேஷ்: கழற்றிவிட்டேன். பிளஸ்.

பெரியப்பா: 1962 வண்டி, டைனமோ. அப்படித்தான் இருக்கும். பாடியே பிளஸ். இந்தக் காலத்து சார்ஜர் எல்லாம் பாடி மைனஸ் என்று வைத்துச் செய்தவை, மாட்டினால் எரிந்துவிடும்.

சுரேஷ்: சரி, பவர் பேங்க் போதும்.

பெரியப்பா: இங்கிலாந்து வண்டியில் நிறத்தைப் பார்த்தே ஒயரைச் சொல்லலாம். பிரவுன் பேட்டரியிலிருந்து வருவது, சாவி போடாவிட்டாலும் கரண்ட் இருக்கும். வெள்ளை, சாவி திருப்பினால். பச்சை அதே சாவிக் கரண்ட்தான், ஆனால் ஃபியூஸ் தாண்டி வருவது. நீலம் ஹெட்லைட். சிவப்பு சைடு லைட், பின் விளக்கு. கறுப்பு எர்த், அதாவது பாடியோடு சேர்வது. மேலே மெல்லிய கோடு ஓடினால் அது எந்த வேலைக்கு என்று காட்டும். பச்சையில் ஊதாக் கோடு பிரேக் விளக்கு.

சித்தப்பா: 👍

கவிதா அக்கா: அப்படியென்றால் பின் விளக்கு. முடிந்ததா?

பெரியப்பா: இல்லை. மற்றதெல்லாம் துணி சுற்றிய ஒயரா, இது மட்டும் பிளாஸ்டிக்கா?

சுரேஷ்: ஆமாம்.

பெரியப்பா: பிறகு யாரோ மாட்டியது. அதன் நிறத்தை நம்பாதே. மறுமுனையைத் தேடு.

சுரேஷ்: கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. உள்ளே துணி ஒயரைச் சுரண்டி இதை முறுக்கிவிட்டிருக்கிறார்கள். அழுக்கைத் துடைத்தால் பிரவுன்.

பெரியப்பா: இதற்குத்தான் பயந்தேன். அந்த பிரவுனுக்கு ஃபியூஸ் கிடையாது. நுனி பாடியில் உரசினால் ஒயர் முழுக்கப் புகையும். உள்ளே நம் பிள்ளை பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருப்பாள்.

அத்தை: அது கேசட் பிளேயர் ஒயர். மாட்டியவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

சித்தப்பா: அக்கா, அப்பா கேட்டுத்தான் மாட்டினேன்.

அத்தை: அப்பா கேட்டது செய்தி கேட்க ஒரு ரேடியோ. நீ நாலு ஸ்பீக்கர் வைத்தாய்.

கவிதா அக்கா: குயின் ஸ்திரீட் பூக்கடையில் மாலைக்குச் சொல்லியாச்சா?

அத்தை: தம்பி சொல்வதாகச் சொன்னான்.

சித்தப்பா: நானா?

சுரேஷ்: ஹாரன் பெரியப்பா?

பெரியப்பா: பெட்டியில் இரண்டே ஃபியூஸ், 35 ஆம்ப். ஹாரனும் அதில் ஒன்றில்தான் வரும். ஃபியூஸ் முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய். சனிக்கிழமை காலை 12 வோல்ட் பல்பு கொண்டு வந்து ஒவ்வொரு ஒயராகப் பார்க்கிறேன்.

அத்தை: சனிக்கிழமை காலை பந்தக்கால்.

பெரியப்பா: அப்படியானால் வெள்ளி இரவு. சிவப்பு ஒயர் வெளியே வராமல் வண்டியை எடுக்க விடமாட்டேன்.

கவிதா அக்கா: அல்ஃபாட் வேன் வாடகைக்காரர் இன்றைக்கே பதில் கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

சித்தப்பா: வெள்ளி வரைக்கும் இழு லா.