இடது கை பழக்கம் உள்ள பையனுக்கு எந்த ஹேண்ட்ஹெல்ட் கன்சோல் வாங்கலாம்?

கோவை_அத்தை:

வணக்கங்க. என் அண்ணன் பையனுக்கு பத்து வயசு. சாப்பிடறது மட்டும் பாட்டி விரட்டி விரட்டி சோத்தாங்கைக்கு மாத்திட்டாங்க, மத்தபடி எழுதறது, வரையறது, பந்து எறியறது எல்லாமே நொட்டாங்கைதான். பரீட்சை முடிஞ்சதும் கையில வச்சு விளையாடற கன்சோல் ஒண்ணு வாங்கித் தர்றேன்னு வாக்கு குடுத்திருக்கேன்.

இப்போதைக்கு அவன் சித்தி பையன்கிட்ட இருக்கற பழைய நிண்டெண்டோ 3டிஎஸ்ஸும் ஸ்விட்ச் லைட்டும் வாங்கி ஆடறான். பக்கத்துல உக்காந்து பாத்தேங்க. ஓடறது குதிக்கறது மாதிரி கேம்ல ஒரு கஷ்டமும் இல்ல, நல்லாவே ஆடறான். ஆனா குறி பாத்து சுடற கேம்னா வலது பக்கம் இருக்கற ஸ்டிக்க வச்சு குறி வைக்கணுமாமே, அது அவனுக்கு வரவே மாட்டேங்குது, கொஞ்ச நேரத்துல கடுப்பாகி வச்சிடறான். 3டிஎஸ்ல பேனா வச்சு ஆடற கேம்ல இன்னும் மோசம், பேனாவ இடது கையில எடுத்துட்டா நடக்கறதுக்கான ஸ்டிக்கும் இடது பக்கமே இருக்கு, அதனால வலது கைய குறுக்க கொண்டு வந்து அத அமுக்கப் பாக்கறான், கன்சோலே மடியில இருந்து நழுவுது.

ஒரு கடையில கேட்டேன், "அதெல்லாம் பழகிடும்மா, இடது கைக்குன்னு தனியா எதுவும் வராது"ன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அந்த பதில் பிடிக்கல. பழகிடும்னு சொல்லித்தான் சாப்பாட்டுக் கைய மாத்துனாங்க, விளையாட்டுலயாவது அவன் கைக்கு ஏத்த மாதிரி இருக்கட்டும்னு நினைக்கறேன். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பிக்சல்பாண்டி:

அக்கா, பையன் ஆடறத இவ்ளோ கவனமா பாத்திருக்கீங்க, பாதி வேலை அதுலயே முடிஞ்சிருச்சு. கடைக்காரர் சொன்னதுல ஒரு பகுதி சரிதான், பெரிய கம்பெனி எதுவும் இடது கைக்குன்னே தனி மாடல் விக்கறதில்ல. ஆனா "பழகிடும்"ங்கறது சரியில்ல, ஏன்னா எல்லா கேமும் கைய ஒரே மாதிரி கேக்காது.

ஓடி குதிக்கற கேம்ல திசை மாத்தற வேலை இடது கட்டைவிரலுக்கு, குதிக்கற வேலை வலது கட்டைவிரலுக்கு. கஷ்டமான வேலை திசைதான், அது தற்செயலா உங்க பையனோட நல்ல கையில விழுந்திருக்கு. அதனாலதான் அதுல திணறல. குறி வைக்கற கேம்ல நுணுக்கமான வேலை வலது ஸ்டிக்குக்கு போயிடுது, பேனா கேம்ல நுணுக்கம் பேனாவுக்கு போயிடுது. அந்த நுணுக்கமான வேலைய இடது கைக்கு மாத்த முடியுமாங்கறது ஒண்ணுதான் நீங்க பாக்க வேண்டியது. ஸ்டிக் ரெண்டையும் மாத்திக்க முடியுமா, பட்டன் எல்லாத்தையும் கேம் அனுமதிக்கலைன்னாலும் கன்சோல் செட்டிங்ஸ்லயே மாத்த முடியுமா, அப்பறம் கன்சோலோட வடிவம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கா. திரை பெருசு, மெமரி எவ்ளோங்கறதெல்லாம் இதுக்கு அப்பறம் பாத்துக்கலாம்.

ரெட்ரோராசா:

திசை இடது கையில, ஆக்‌ஷன் வலது கையிலங்கறது ஆரம்பத்துல இருந்தே இருந்த சட்டம் கிடையாது, இத நிறைய பேரு மறந்துடறாங்க. டிவியில மாட்டி ஆடற பழைய கன்சோல் அடாரி 2600-ஓட ஜாய்ஸ்டிக்ல சிவப்பு பட்டன் இடது மேல் மூலையில இருக்கும், பெட்டிய இடது கையில பிடிச்சு அந்த கட்டைவிரலால சுடணும், ஸ்டிக்க ஆட்டறது வலது கை. அதாவது இப்ப இருக்கறதுக்கு நேர் எதிர். கடையில காசு போட்டு ஆடற 1980 பேக்மேன் ஆர்கேட் மெஷின்ல ஸ்டிக் நடுவுலயே இருந்துச்சு, எந்தக் கையால வேணா ஆடலாம். 1981 டாங்கி காங் ஆர்கேட்ல ஸ்டிக் இடது, குதிக்கற பட்டன் வலதுன்னு வந்துச்சு, அதையே அடுத்த வருஷம் கைக்குள்ள அடங்கற கேம் அண்ட் வாட்ச்சுக்கு சுருக்கினப்ப நிண்டெண்டோவோட குன்பேய் யோகோய் அந்த சிலுவை வடிவ பட்டன இடது பக்கம் வச்சாரு. 1983-ல டிவியில ஆடற ஃபேமிகாம், 1989-ல கையில வச்சு ஆடற கேம்பாய் எல்லாம் அதே வழி. அப்பறம் வந்தவங்க எல்லாரும் அப்படியே எடுத்துக்கிட்டாங்க.

ஆனா கேம்பாய் வந்த அதே 1989-ல அடாரி லிங்க்ஸ்னு ஒண்ணு வந்துச்சு பாருங்க, அத நினைச்சா எனக்கு இன்னும் ஆதங்கமா இருக்கும். ஆர்.ஜே. மைக்கல், டேவ் நீடில்னு ரெண்டு பேரு எபிக்ஸ் கம்பெனியில இருந்தப்ப வடிவமைச்சது. இடது பக்கம் திசை பட்டன், வலது பக்கம் ஏ பி பட்டன் மேல ஒரு ஜோடி கீழ ஒரு ஜோடி. கன்சோல தலைகீழா திருப்பிப் பிடிச்சு படத்தையும் திருப்பிட்டா திசை பட்டன் வலது கைக்கு வந்துடும், சுடற பட்டன் இடது கைக்கு வந்துடும். தனி மாடல் வேண்டாம், கூடுதல் காசு வேண்டாம், ஒரே பெட்டி ரெண்டு விதமான ஆளுக்கும். கலர் திரை, பின்னாடி லைட் வேற. தோத்ததுக்கு காரணம் இதெல்லாம் இல்ல, அமெரிக்காவுல கேம்பாய் கிட்டத்தட்ட 90 டாலர், லிங்க்ஸ் 180 டாலர், ஆறு பேட்டரி போட்டாலும் நாலஞ்சு மணி நேரத்துல தீந்துடும். விலையும் பேட்டரியும் தோத்தப்ப அந்த திருப்பிப் பிடிக்கற யோசனையும் கூடவே புதைஞ்சு போச்சு, அதுதான் வருத்தம்.

அந்த யோசனை முழுசா சாகலன்னும் சொல்லணும். 1999-ல ஜப்பான்ல பண்டாய் விட்ட வொண்டர்ஸ்வான், அதுவும் யோகோய் கடைசியா வேலை பாத்த மெஷின், அத நிறுத்தி வச்சும் படுக்க வச்சும் பிடிக்கலாம்னு ரெண்டு செட் திசை பட்டன் வச்சிருந்தாங்க. இப்ப 2022-ல வந்த பிளேடேட்ல வலது பக்கம் சுத்தற கைப்பிடி ஒண்ணு இருக்கும், செட்டிங்ஸ்ல தலைகீழ்னு ஒரு ஆப்ஷன் போட்டா படம் திரும்பிடும், கைப்பிடி இடது கைக்கு வந்துடும். சின்ன கம்பெனி செய்யறத பெரிய கம்பெனிங்க செய்ய முடியாதா என்ன.

நொட்டாங்கை_நாயகி:

நானும் இடது கைதான், 3டிஎஸ்ஸுக்கு முன்னாடி வந்த டிஎஸ் காலத்துல இருந்து ஆடறேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன். பாண்டி அண்ணன் சொன்னதோட முக்கால்வாசி ஒத்துப் போறேன், ஒரு இடத்துல மட்டும் இல்ல. திசை பட்டன் இடது பக்கம் இருக்கறதால சாதாரண கேம் எல்லாம் நமக்கு வசதின்னு பொதுவா சொல்லிட முடியாது, சண்டை கேம்ல எந்த நொடியில எந்த பட்டன அமுக்கறோம்ங்கறதுதான் வெற்றி, அது வலது கட்டைவிரல் வேலை. எனக்கு அதுல இன்னைக்கும் வலது பக்கம் மந்தமாத்தான் இருக்கு. ஆளுக்கு ஆள் மாறும், உங்க பையனுக்கு எதுல கஷ்டம்னு அவனையே கேளுங்க அக்கா, பத்து வயசுல நல்லா சொல்லத் தெரியும்.

பேனா விஷயத்துக்கு வர்றேன். டிஎஸ்ல பட்டன் ரெண்டு பக்கமும் நாலு நாலா இருந்ததால, கேம் செய்யறவங்க மனசு வச்சா இடது கைக்காரங்களுக்கு வழி இருந்துச்சு. 2006-ல வந்த மெட்ராய்டு பிரைம் ஹன்டர்ஸ்ல வலது பக்கம் இருக்கற ஏ பி எக்ஸ் வொய் பட்டனாலயே நடந்துக்கிட்டு இடது கையில பேனா பிடிச்சு குறி வைக்கலாம், மெனுவுலயே அதுக்கு தனி ஆப்ஷன். பிரெயின் ட்ரெயினிங்ல மெஷின புத்தகம் மாதிரி பிடிக்கணும், எந்தக் கைன்னு கேட்டு படத்தையே அதுக்குத் தகுந்த மாதிரி திருப்பிக் காட்டும். இதெல்லாம் சின்ன விஷயமா தெரியலாம், ஆனா கேம் ஆரம்பிக்கறப்பவே "நீ எந்தக் கை"ன்னு ஒருத்தர் கேக்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு அத அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

3டிஎஸ் வந்தப்ப நடக்கறதுக்கு வட்டமான ஸ்டிக் இடது பக்கம் மட்டும் ஒண்ணு வச்சாங்க, அங்கதான் சிக்கல் தொடங்குச்சு. 2012 கிட் இகாரஸ் அப்ரைசிங்ல ஸ்டிக்கால நடந்து, பேனாவால குறி வச்சு, எல் பட்டனால சுடணும். இடது கைக்காரங்க ஏ பி எக்ஸ் வொய் வச்சு நடக்கலாம், இல்லன்னா வலது பக்கம் இன்னொரு ஸ்டிக் தர்ற சர்க்கிள் பேட் ப்ரோங்கற துணைக்கருவிய தனியா காசு குடுத்து வாங்கி மாட்டணும். மத்தவங்களுக்கு பெட்டியிலயே வர்றது நமக்கு மட்டும் தனி செலவு, இது நியாயமே இல்ல. அக்கா, அந்த 3டிஎஸ்ல பையன் ஆடற கேமோட ஆப்ஷன்ஸ் மெனுவ ஒரு தடவ முழுசா பாருங்க, இடது கை செட்டிங் உள்ளயே இருக்க வாய்ப்பிருக்கு, நிறைய பேரு அந்த மெனுவ தொறக்கறதே இல்ல.

இன்னொண்ணு, அவன்கிட்ட செல்டா கேம்ல வர்ற லிங்க் ரொம்ப வருஷம் இடது கையிலதான் வாள் பிடிச்சான்னு சொல்லுங்க. 2006-ல ட்விலைட் பிரின்சஸ்ங்கற செல்டா கேம் நிண்டெண்டோவோட வீ கன்சோலுக்கு வந்தப்ப, ரிமோட்ட வலது கையில வீசறவங்கதான் அதிகம்னு மொத்த உலகத்தையே கண்ணாடியில பாக்கற மாதிரி இடம் வலம் மாத்தி லிங்க வலது கைக்காரனாக்கிட்டாங்க, அதே கேம் அதுக்கு முந்தின கன்சோல் கேம்கியூப்ல இடது கையாவே இருந்துச்சு. பெரும்பான்மைக்காக ஒரு உலகத்தையே திருப்ப முடிஞ்சவங்களுக்கு, பத்துல ஒருத்தரா இருக்கற நமக்காக ரெண்டு ஸ்டிக்க மாத்தறது ஒண்ணும் முடியாத வேலை இல்ல.

கோவை_அத்தை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நாயகி சொன்ன மாதிரி மெனுவ பாத்தோம், அவன் ஆடற ஒரு கேம்ல நெஜமாவே இடது கை ஆப்ஷன் இருந்துச்சு! இப்ப புதுசு எது வாங்கலாம்னு சொல்லுங்க. ஸ்விட்ச், ஸ்டீம் டெக்னு ரெண்டு கன்சோலத்தான் எல்லாரும் சொல்றாங்க. ஸ்விட்ச் லைட் வேண்டாமா? விலை கம்மியா இருக்கே.

பிக்சல்பாண்டி:

நாயகி, சண்டை கேம் பத்தி நீங்க சொன்னது நியாயம், அத ஏத்துக்கறேன்.

அக்கா, இவனுக்கு லைட் வேண்டாம். அதுல ரெண்டு பக்க கண்ட்ரோலும் உடம்போட ஒட்டி இருக்கும், கழட்ட முடியாது. சாதாரண ஸ்விட்ச்ல ரெண்டு பக்கமும் இருக்கற கண்ட்ரோல், ஜாய்கான்னு பேரு, ரெண்டும் கழண்டு வரும், திரைய மேசையில நிறுத்திட்டு வலது ஜாய்கான இடது கையிலயும் இடது ஜாய்கான வலது கையிலயும் பிடிச்சா போதும், எந்த செட்டிங்கும் வேண்டாம், குறி வைக்கற ஸ்டிக்கும் ஏ பி எக்ஸ் வொய்யும் இடது கைக்கு வந்துடும், நடக்கறது வலது கைக்கு போயிடும். மேல இருக்கற ட்ரிக்கர் பட்டனோட வளைவு மட்டும் எதிர் பக்கமா இருக்கும், ஆள்காட்டி விரலுக்கு அது கொஞ்சம் இடைஞ்சல்தான்.

2020 ஏப்ரல்ல வந்த அப்டேட்டுக்கு அப்பறம் கண்ட்ரோலர் செட்டிங்ஸ் உள்ள போய் எந்த பட்டன எந்த பட்டனா வேணா மாத்திக்கலாம். ஆனா அது மொத்த மெஷினுக்கும் மாறும், கேமுக்கு கேம் தானா மாறாது. ஸ்விட்ச் 2-ல ஜாய்கானோட உள்பக்க விளிம்பு மேசையில படற மாதிரி வச்சு மவுஸ் மாதிரி நகத்தலாம், இடது பக்க ஜாய்கானும் மவுஸா வேலை செய்யும், இடது கைல குறி வைக்க நல்ல வழி. கேம் அதுக்கு இடம் குடுத்திருக்கணும், அவ்வளவுதான்.

ஸ்டீம் டெக் வேற ரகம், ஸ்டீம்ங்கற ஆன்லைன் கடையில வாங்கற கம்ப்யூட்டர் கேம்ங்கள கையில வச்சு ஆடறது. ரெண்டு ஸ்டிக்கும் ஒரே உயரத்துல இருக்கும், அதுக்குக் கீழ ரெண்டு பக்கமும் டச்பேட், பின்னாடி பக்கத்துக்கு ரெண்டா நாலு பட்டன். ஸ்டீம் இன்புட்ங்கற பட்டன் மாத்தற செட்டிங்ஸ்ல இடது ஸ்டிக்க வலது ஸ்டிக்கா வேலை செய்ய வைக்கலாம், கேம் இடது கை ஆப்ஷன் குடுக்கலைன்னாலும் கவலை இல்ல. ஒவ்வொரு கேமுக்கும் தனி செட்டிங் சேமிச்சு வச்சா அந்த கேம தொறக்கறப்ப தானா வந்துடும், மத்தவங்க போட்டு வச்சத எடுத்தும் பயன்படுத்தலாம். இடது கைக்காரங்களுக்கு இப்போதைக்கு இதவிட வளைஞ்சு குடுக்கற மெஷின் என் பார்வையில இல்ல. ஸ்டீம் அக்கவுண்ட் தொடங்க 13 வயசு ஆகணும், அதனால உங்க பேர்ல தொடங்கிக்கோங்க.

பிசியோ_நெல்லை:

நான் பிசியோதெரபி பாக்கறவ, கை சம்பந்தமா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். எல்லாரும் பட்டனையே பேசுதீங்க, எடைய யாரும் பேசல. ஸ்டீம் டெக் 640-ல இருந்து 670 கிராம் வரைக்கும் இருக்கும், அகலம் 30 சென்டிமீட்டர் கிட்ட. ஜாய்கானோட சேத்து பழைய ஸ்விட்ச் 400 கிராம்தான். பத்து வயசுப் பிள்ளைக்கு உள்ளங்கை சின்னது, பெரிய மெஷின்ல ஸ்டிக்க எட்டணும்னா கட்டைவிரல நீட்டியே வச்சிருக்கணும், மணிக்கட்டுக்கு அது நல்லது இல்ல. டெக்தான்னு முடிவு பண்ணா மடியில தலையணை வச்சு அதுமேல வச்சு ஆடச் சொல்லுங்க, அடிக்கடி கைய இறக்கி வைக்கணும். வாங்கறதுக்கு முன்னால யார்கிட்டயாவது வாங்கி பிள்ளை கையில குடுத்துப் பாருங்க. எனக்கு கேட்டா இப்போதைக்கு ஸ்விட்ச், கை வளந்ததும் டெக்.

இன்னொண்ணு, ஒரு கையில மட்டும் பலம் இருக்கறவங்க யாராவது இத படிச்சா, 2018-ல மைக்ரோசாஃப்ட் விட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர பாருங்க, பெரிய பட்டன், கால் பெடல்னு தேவைக்கு ஏத்தத அதுல சொருகிக்கலாம். கம்ப்யூட்டர்லயும் வேலை செய்யும்.

கோவை_அத்தை:

அப்ப ஸ்விட்ச்சே வாங்கிடறேங்க, கண்ட்ரோல் கழட்டற மாடல். ஒரே ஒரு சந்தேகம், பட்டன மாத்திட்டா "ஏ அமுக்கு"ன்னு திரையில காட்டறதும் மாறிடுமா?

பிக்சல்பாண்டி:

மாறாது அக்கா. செட்டிங்ஸ்ல மாத்துனது கேமுக்குத் தெரியாது, அது பழைய பட்டன் பேரத்தான் காட்டும். சின்னதா ஸ்டிக்கர் வெட்டி எந்த பட்டன் எதுவா மாறியிருக்குன்னு அதுமேல ஒட்டிடுங்க. ஜாய்கான கை மாத்திப் பிடிக்கற வழியில இந்த குழப்பம் வராது, ஏ பட்டன் ஏவாவே இருக்கும், அதனால முதல்ல அதையே ஆடிப் பாக்கச் சொல்லுங்க. நம்ம ஊர்ல பெரும்பாலும் இம்போர்ட் பண்ணித்தான் விக்கறாங்க, வாரண்டி கடை குடுக்கறதா இல்லையான்னு பில்லுல எழுதி வாங்கிக்கோங்க.