அந்த நீலப் பெட்டி

குழு: நம் வீடு

அத்தை: எல்லோரும் படித்துவிடுங்கள், பயப்பட ஒன்றும் இல்லை. நேற்று இரவு கரண்ட் போன நேரத்தில் அம்மா வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கப் போய் இடது கையில் கொட்டிக்கொண்டார். காலையில் டாக்டரிடம் காட்டியாயிற்று. இரண்டு கொப்புளம், உடைக்கக் கூடாது என்றார்.

சித்தி: ஐயோ. இப்போது எப்படி இருக்கிறார் அண்ணி?

அத்தை: தூங்குகிறார்

அப்பா: நேற்றே ஏன் சொல்லவில்லை

அத்தை: இரண்டு தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை.

பெரியப்பா: வளையலைக் கழற்றினாயா? வீங்கிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு நேரம் விட்டாய்?

அத்தை: உடனே கழற்றிவிட்டேன் அண்ணா. தண்ணீர் ஐந்து நிமிடம் இருக்கும். அதற்குள் பற்பசை கொண்டுவா என்று அம்மா ஒரே பிடிவாதம்.

பெரியப்பா: ஐந்து போதாதும்மா, 20 நிமிடம். குழாய்த் தண்ணீர், ஐஸ் வேண்டாம். பதற்றத்தில் விட்டுப்போனாலும், சுட்ட மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. பற்பசை, மை, வெண்ணெய் எதுவும் தடவக் கூடாது. தடவினால் புண் எவ்வளவு ஆழம் என்று டாக்டருக்குத் தெரியாது, அதைத் துடைத்தெடுப்பதே தனி வேதனை.

அத்தை: தடவவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. அந்த நீல முதலுதவிப் பெட்டியைத் திறந்தேன். பஞ்சு மஞ்சள் பூத்துக் கிடந்தது. பேண்டேஜில் குத்தியிருந்த ஊக்கு துருப்பிடித்து, அதன் அச்சு அப்படியே துணியில் பதிந்திருந்தது. களிம்பை அழுத்தினால் எண்ணெய் மாதிரி ஒரு சொட்டு வந்தது, அவ்வளவுதான். பின்னால் 2019 என்று போட்டிருக்கிறது. கத்தரிக்கோல் இல்லை. ஒரு பக்கம் அம்மா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், நான் இருட்டில் பேண்டேஜைப் பல்லால் கிழிக்கிறேன்.

அக்கா: டார்ச்?

அத்தை: சின்னது இருந்தது. மூடியைத் திருகினால் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் பொரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

சித்தப்பா: அந்தப் பெரிய டார்ச் என்ன ஆயிற்று அக்கா

அத்தை: அதை நான் உன்னிடம் கேட்க வேண்டும்

அக்கா: நான் வீடு மாறியபோது சித்தப்பா எடுத்து வந்தார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது

சித்தப்பா: சரி சரி. இந்த வாரம் கொண்டுவருகிறேன்

அப்பா: நான்கு வருடமாக இதே வாரம்தான்

பெரியப்பா: பேட்டரியை டார்ச்சுக்குள் போட்டு வைக்கக் கூடாது, தனியாக ஒரு பையில் பக்கத்திலேயே இருக்கட்டும். இப்போது எல்லோரும் கவனியுங்கள். தொழிற்சாலையில் எனக்கு இரண்டு முறை முதலுதவிப் பயிற்சி கொடுத்தார்கள், அதில் கற்றதைச் சொல்கிறேன். பெட்டியில் இவை இருக்க வேண்டும்: உறையில் அடைத்த காஸ் துணி, இரண்டு அகலத்தில் பேண்டேஜ் சுருள், ஒட்டும் டேப், முனை மழுங்கிய கத்தரிக்கோல், இடுக்கி, கையுறை, தெர்மாமீட்டர், கையைத் தூக்கிக் கட்ட ஒரு பெரிய முக்கோணத் துணி. ரத்தம் வந்தால் காஸை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும், நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்று. நாம் எல்லோரும் தப்பாகச் செய்வது இதுதான். அப்புறம் வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட். பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரித்துப் போடக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குச் சர்க்கரை தலைதட்டி ஆறு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். உப்பு கூடினால் ஆபத்து, கைக்கணக்கு வேண்டாம்.

சித்தி: ஆறா அறுபதா, கேட்டுக்கொள்கிறேன் மாமா. ஆறுதானே?

பெரியப்பா: ஆறு

அக்கா: காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் வைக்கலாமா பெரியப்பா? குழந்தைக்கும் சேர்த்து ஒன்றாக இருக்கட்டும் என்று பார்த்தேன்

பெரியப்பா: கூடவே கூடாது. 16 வயதுக்குக் கீழே டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் தரக் கூடாது. ரே நோய் என்று ஒன்று, ஈரலையும் மூளையையும் தாக்கும். பாரசிட்டமால் போதும், அதுவும் குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவை டாக்டரிடம் கேட்டு அட்டைமேலேயே எழுதிவை.

அக்கா: சரி. பேண்ட் எய்ட் நிறைய இருக்கிறது, அது வேண்டாம்

பெரியப்பா: அது எப்படி வந்தது தெரியுமா? 1920ல் ஏர்ல் டிக்சன் என்பவரின் மனைவி சமைக்கும்போது அடிக்கடி விரலை வெட்டிக்கொள்வாராம். தனியாக இருக்கும்போது ஒரு கையாலேயே ஒட்டிக்கொள்ளட்டும் என்று டேப்பின் நடுவில் காஸை வைத்துச் செய்து கொடுத்திருக்கிறார். உங்கள் பாட்டியும் பகலில் தனியாகத்தான் இருக்கிறார். நாமும் அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

அத்தை: அதற்கு இங்கே வந்து நான்கு நாள் இருந்து பார்த்துவிட்டு யோசிக்கலாம் அண்ணா

சித்தி: அவசரத்துக்குத் தண்ணீர் எவ்வளவு சேர்த்து வைப்பது?

பெரியப்பா: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர், மூன்று நாளைக்கு. அத்தை வீட்டில் நான்கு பேர், 48 லிட்டர்.

அத்தை: வைக்க இடம்?

பெரியம்மா: பத்திரங்கள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து நனையாத கவரில் போட்டு வைக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். வீட்டுப் பத்திரம் இப்போது யாரிடம் இருக்கிறது?

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அப்பா: அது இப்போது வேண்டாம்

பெரியம்மா: கேட்டதுதான் குற்றம்

அப்பா: குற்றம் இல்லை அண்ணி. நான் ஒன்று சொல்ல வேண்டும், அதற்குத்தான். அப்பா விழுந்த அன்று ஆம்புலன்ஸில் வந்தவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்டார். நாங்கள் மூன்று பிள்ளைகள் நின்றோம், ஒருவருக்கும் தெரியவில்லை. வெள்ளையாகச் சின்னதாக இருக்கும் என்றேன் நான். அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை, கையில் இருந்த தாளில் ஒரு கோடு போட்டான். அந்தக் கோடு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. மற்றதெல்லாம் கடையில் கிடைக்கும். அம்மாவுக்கு அந்தத் தாள் யாராவது எழுதினீர்களா?

(இருபது நிமிடம் யாரும் எழுதவில்லை)

அத்தை: இல்லை

நான்: நான் எழுதுகிறேன் அத்தை. மாத்திரைப் பெயர், அளவு, எந்த வேளை, ஒத்துக்கொள்ளாதது, டாக்டர் எண், அவசர எண், நம் எல்லோருடைய எண்ணும். பெரிய எழுத்தில் எழுதி ஒன்றைப் பெட்டி மூடிக்குள் ஒட்டுவோம், ஒன்று பாட்டி பைக்குள். டாக்டர் மருந்தை மாற்றும்போதெல்லாம் தாளையும் மாற்ற வேண்டும், அதை மறக்கக் கூடாது.

பெரியப்பா: நல்லது. பெட்டியைக் குளியலறையில் வைக்காதீர்கள், ஈரம். பூட்டவும் வேண்டாம், உயரமான தட்டில் இருக்கட்டும்.

அத்தை: பூட்டாமல் வைத்துத்தான் பேண்டேஜ் முழுவதும் பொம்மைக்குக் கட்டப்பட்டது. யார் பிள்ளைகள் என்று சொல்லவில்லை.

சித்தி: அப்போது அவளுக்கு மூன்று வயது அண்ணி

அக்கா: வாங்குவது யார்? ஆறு மாதத்துக்கு ஒரு முறை தேதி பார்ப்பது யார்?

சித்தப்பா: வாங்குவது நான்

அப்பா: தேதி பார்ப்பது?

பெரியப்பா: அதை நேரில் பேசிக்கொள்வோம்

நான்: அத்தை, பாட்டியின் மாத்திரை அட்டைகளைப் படித்துச் சொல்ல முடியுமா? படம் அனுப்பினால் எழுத்து பளபளப்பில் மங்கிவிடுகிறது

அத்தை: இரு, எழுந்துவிட்டார். கண்ணாடி எடுத்துக்கொண்டு வருகிறேன். மொத்தம் ஐந்து அட்டை. ஒன்றில் பெயர் இருந்த பக்கம் கிழிந்துபோயிருக்கிறது.

நான்: அந்த அட்டையைத் தனியாக எடுத்து வையுங்கள். அது என்ன என்று டாக்டரிடம் கேட்டபிறகு எழுதுகிறேன். மற்ற நான்கைச் சொல்லுங்கள்

சித்தப்பா: பெரிய டார்ச் கிடைத்துவிட்டது. இதற்கு எந்த பேட்டரி அக்கா?